ஸ்டெஃபிக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர்

2025 ஜூலை 1

விம்பிள்டன் தொடங்கிவிட்டது. இரட்டையர் ஆட்டம் வந்தாலே பலர் சேனலை மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் டென்னிஸ் களைகட்டுகிறது. இந்த முறை கிளாடியா கோடே-கில்ஷைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். ஜெர்மனி டென்னிஸ் என்றால் ஸ்டெஃபி கிராஃப், போரிஸ் பெக்கர் என்று இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறோம். சார்புரூக்கனில் பிறந்த கிளாடியா, 1985இல் ஒற்றையர் தரவரிசையிலேயே 4ஆம் இடம் வரை வந்தவர். அதே ஆண்டு 17 வயது பெக்கர் விம்பிள்டனை வென்றார். நாடே அவர் பின்னால் போய்விட்டது.

ஜூலை 3

பெண்கள் இரட்டையரில் அமெரிக்காவின் நவ்ரதிலோவா - ஷ்ரைவர் ஜோடி தொடர்ந்து 109 ஆட்டங்கள் தோற்காமல் இருந்தது. 1985 விம்பிள்டன் இறுதியில்தான் அந்த ஓட்டம் நின்றது. அடுத்து அமெரிக்க ஓப்பன் இறுதி. எதிரே கிளாடியாவும் செக்கோஸ்லோவாகியாவின் ஹெலெனா சுகோவாவும். முதல் செட் டை பிரேக்கில் போன பிறகும் 6-7, 6-2, 6-3 என்று கிளாடியாவும் சுகோவாவும் ஜெயித்தார்கள்.

இருவருமே ஆறடிக்கு மேல். அவர்கள் நெட்டருகே சேர்ந்து நின்றால் பந்தை எங்கே அனுப்புவது? தலைக்கு மேல் தூக்கி அனுப்பும் சாதாரண லாப் கைக்கு எட்டிவிடும், ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ்தான். இன்னும் உயரமாகத் தூக்கினால் பின்னால் ஓடிப்போய் நிற்க அவர்களுக்கு நேரம் கிடைத்துவிடும். 1987இல் விம்பிள்டனும் இவர்களுக்கே: 7-5, 7-5.

ஜூலை 6

இன்று கனடாவின் வான்கூவர் பற்றி. 1987 ஆகஸ்ட், பெண்களுக்கான நாடுகளின் அணிப்போட்டியான ஃபெடரேஷன் கோப்பை இறுதி, மேற்கு ஜெர்மனியும் அமெரிக்காவும். இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர். கிளாடியா ஷ்ரைவரிடம் தோற்றார், முதல் செட்டே 0-6. கிறிஸ் எவர்ட்டை ஸ்டெஃபி சுலபமாக வென்று சமன் செய்தார். மிச்சம் இரட்டையர் மட்டும், ஸ்டெஃபியும் கிளாடியாவும் ஜோடி. எதிரே எவர்ட், கூடவே அதே ஷ்ரைவர்.

முதல் செட் 1-6. இரண்டாவதில் 0-4. ஒற்றையரில் அப்படி அடிவாங்கியவருக்கு அந்த நிலையில் கை நடுங்கியிருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்து 7-5, 6-4! ஜெர்மனிக்கு முதல் ஃபெடரேஷன் கோப்பை. ஸ்டெஃபிக்கு வயது 18, கிளாடியாவுக்கு 23. ஆனாலும் அதை ஸ்டெஃபியின் கோப்பை என்றே பேசுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. இரட்டையரில் ஒருத்தி மட்டும் எப்படி ஜெயிக்க முடியும்?

ஜூலை 8

சியோல் ஒலிம்பிக், 1988. ஸ்டெஃபியோடு அரையிறுதி வரை வந்தார் கிளாடியா. அங்கே எதிர்ப்பக்கம் நின்றது யார் தெரியுமா? இத்தனை காலம் கூட ஆடிய சுகோவா, நோவோத்னாவுடன். தோல்விதான். மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் வைக்காததால் வெண்கலம் கிடைத்தது. ஸ்டெஃபியோ ஒற்றையர் தங்கத்தோடு ஊர் திரும்பினார். அந்த வெளிச்சத்தில் வெண்கலம் யார் கண்ணுக்குப் படும்?

ஆட்டத்தை விட்ட பிறகு கிளாடியா அரசியல் பக்கம் போனார். 2012இல் ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்தில் இடதுசாரிக் கட்சியின் சட்டமன்றக் குழுவுக்குச் செய்தித் தொடர்பாளரானார்.

வான்கூவர் இரட்டையர் ஆட்டம் முழுசாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். 0-4க்கு அப்புறம் வரும் ஒவ்வொரு கேமையும் நான் பார்க்க வேண்டும்.