போன தண்ணீர் திரும்பி வந்தது

எங்கள் வயல் முத்துப்பேட்டைப் பக்கம், கடைமடையில் ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். மேட்டூர்த் தண்ணீர் எங்களுக்குக் கடைசியில்தான் வரும். மழைத் தண்ணீர் மட்டும் மேல்வயலையெல்லாம் கழுவிக்கொண்டு எங்களிடம் வந்து தேங்கும்.

போன கார்த்திகையில் சம்பாப் பயிர் ஐந்து நாள் மூழ்கிக் கிடந்தது. வெள்ளம் தாங்கும் நெல் ரகமான சி.ஆர். 1009 சப்-1 என்றால் இரண்டு வாரம் வரைகூடத் தாங்கும். நாங்கள் போட்டிருந்தது ஆந்திரா பொன்னி. அப்பா டீசல் எஞ்சின் வைத்து ராத்திரி வரை இறைப்பார். விடிந்து பார்த்தால் பழைய மட்டம். "ஏம்மா, அடியில ஊத்து ஏதும் இருக்குமோ?" என்று கேட்டார்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தபோது பிரச்சினையை முதலில் ஒரே வரியில் எழுதிப் பழக்கினார்கள். நான் எழுதியது: 'வயல் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது?' அந்த வரியே தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. மூங்கில் குச்சியில் அங்குலம் கீறி வடிகாலில் நட்டு, இரண்டு மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்து மட்டத்தைக் குறித்தேன். மழை ஓய்ந்த நாளிலும் மட்டம் இரண்டு தடவை ஏறியது, இரண்டு தடவை இறங்கியது. வடிகால் போய்ச் சேரும் கடலின் ஏற்றமும் வற்றமும்! ஏற்றத்தில் வடிகால் எதிர்த்து நிற்கிறது; வரப்பில் பதித்த ஆறு அங்குலக் குழாய் வழியாகத் தண்ணீர் வயலுக்குள் ஏறுகிறது. வற்றத்தில் தானாக வடிகிறது. பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'போன தண்ணீர் திரும்பக் கூடாது.'

அதன்பின் வேலை சுலபமாகிவிட்டது. முதலில் குழாய் வாயில் கீல் வைத்த பிளைவுட் கதவு. இரண்டே நாளில் ஊறி உப்பித் திறக்காமல் போனது. அடுத்து பழைய லாரி டியூபை வெட்டி, மேல் விளிம்பை மட்டும் போல்ட் போட்டு முடுக்கினேன். வயல் பக்கம் மட்டம் உயர்ந்தால் ரப்பர் தள்ளித் திறக்கும், வடிகால் உயர்ந்தால் குழாய் வாயோடு அழுந்தி மூடும். வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் சோதித்தபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை. வயலிலோ முதல் ராத்திரியே வைக்கோல் துண்டு ஒன்று இடுக்கில் மாட்டி விடிய விடிய ஒழுகியது. தொட்டியில் ஏது வைக்கோல்? வயல் பக்க வாயில் கோழிவலை கட்டினோம். சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் பயிரின் நுனி வெளியே தெரிந்தது. அப்பா வெகுநேரம் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது பக்கத்து வயல் பெரியப்பாவும் கேட்கிறார். அவருடையது பத்து அங்குலக் குழாய். அந்த அகலத்துக்கு ரப்பர் நடுவில் உள்வாங்கும். முதுகில் தகடு வைத்துப் பார்க்க வேண்டும், ஐப்பசி பிறப்பதற்குள்.