ஒற்றைக் கோட்டை வாசிப்பது எப்படி

நெதர்லாந்து இசையமைப்பாளர் லூயி ஆண்ட்ரீசன் (1939–2021) 1975இல் எழுதிய 'வொர்க்கர்ஸ் யூனியன்' படைப்பின் நொட்டேஷனை (இசை எழுதிய தாளை) பிரித்தால், ஐந்து கோடுகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு கோடுதான் இருக்கும். அது உங்கள் வாத்தியத்தின் நடு ஸ்தாயி. ஸ்வரத்தைக் குறிக்கும் புள்ளி கோட்டுக்கு மேலே போனால் ஸ்வரம் ஏறும், கீழே போனால் இறங்கும். எந்த ஸ்வரம் என்பது வாசிப்பவர் பொறுப்பு. தாளம் மட்டும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. எல்லோரும் ஒரே நொடியில் ஒரே அடி. வாத்தியங்கள் இன்னவை என்றும் இல்லை, உரக்க ஒலித்தால் போதும். சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன், பியானோ கொண்ட 'டி ஃபோல்ஹார்டிங்' குழுவுக்காகப் பிறந்த இதை, பிறகு நியூயார்க்கின் 'பாங் ஆன் எ கேன் ஆல்-ஸ்டார்ஸ்' குழு கிளாரினெட், செல்லோ, மின்கிதார் சேர்த்து வாசித்தது.

சுதந்திரம் என்றதும் கை தானாகப் பழகிய ஸ்கேலுக்கு (ஸ்வர வரிசைக்கு) ஓடும். பெரும்பாலான குழுக்கள் வழுக்குவது இங்கேதான். ஆண்ட்ரீசன் கேட்டது முரண்பட்ட, அரைஸ்வரங்கள் நெருங்கிய, முரட்டு ஒலி. இரண்டு பேர் எதேச்சையாக ஒரே ஸ்வரத்திலோ, சிலர் சேர்ந்து மேஜர் கார்டிலோ (இனிமையாக ஒன்றுசேரும் மூன்று ஸ்வரங்களிலோ) விழுந்தால் முழு ஒலியும் சட்டென்று இனித்துப்போகும். பக்கத்தில் இருப்பவரைக் காதில் வாங்கி, அவரிடமிருந்து அரைஸ்வரம் விலகுங்கள். ஆனால் கோட்டின் ஏற்ற இறக்கத்தை மீறாதீர்கள். அந்த வடிவம்தான் கேட்பவருக்குப் பிடிகொடுப்பது.

பயிற்சியை ஸ்வரம் இல்லாமல் தொடங்குவது நல்லது. சீராக அடி தட்டும் மெட்ரனோம் கருவியை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து முதலில் கைதட்டல் மட்டும். அடிக்கு நான்கு துணுக்குகளாக ஓடும் கணக்கை 'தகதிமி' என்று வாயால் சொல்லிப் பார்த்தால் உடம்பில் சீக்கிரம் ஏறும். அடுத்து எல்லோரும் ஒரே ஸ்வரத்தில். அதன்பிறகே மேலும் கீழும். வேகத்தை ஒவ்வொரு முறையும் நாலைந்து அடிகள் மட்டும் கூட்டுங்கள்.

தவறு அதிகம் கேட்பது ஸ்வரத்தில் அல்ல, மௌனத்தில். இடைவெளியில் ஒருவர் ஒலியைச் சிந்தினாலும் அத்தனை பேருக்கும் தெரியும். பியானோவில் ஒலியை நீட்டும் பெடலைத் தொடவேண்டாம், வைப்ரஃபோனில் உலோகப் பட்டைகளைக் கையால் அடக்குங்கள்: எஞ்சும் அதிர்வு அந்த வெட்டை மழுங்கடிக்கும். டிரம்செட் இருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும், மற்றவர்கள் எண்ணுவதை விட்டு அதன்மேல் சாய்ந்துவிடுவார்கள்.

ஒருவரையொருவர் பார்க்கும்படி அரைவட்டமாக உட்காருங்கள். திரும்பத் திரும்ப வாசிக்கும் இடங்களில், அடுத்த பகுதிக்குப் போகலாம் என்று யார் தலையசைப்பது என்பதை ஒத்திகையிலேயே முடிவுசெய்யுங்கள். கடைசிச் சுற்றின் நடுவில் அசைத்தால் பக்கம் புரட்டவும் நேரமிருக்கும். ஊதுபவர்களுக்கு மூச்சுவிட இடம் குறைவு, அதனால் யார் எந்த அடியை விடுவது என்று பென்சிலால் பிரித்துக்கொள்ளுங்கள். இருவர் ஒரே இடத்தில் விட்டால் ஒலிச்சுவரில் ஓட்டை விழும். வழி தவறியவர் துரத்திப் பிடிக்கக் கூடாது. வாயை மூடி, அடுத்த சுற்றின் முதல் அடியில் சேரவேண்டும்.