கோடுகள் யாரிடமிருந்து புறப்படுகின்றன: தன்னார்வக் குழுத் தலைவர்களுக்கான ஒரு பயிற்சியின் அனுபவம்

பயிற்சிக்கான விண்ணப்பப் படிவம் இரண்டு பக்கம்தான். பெயர், வயது, குழுவில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள் என்ற வழக்கமான கட்டங்களை விரைவாக நிரப்பிவிட்டேன். இரண்டாம் பக்கத்தில், “உங்கள் குழு கடைசியாக எடுத்த மூன்று முடிவுகள் எவை? ஒவ்வொன்றையும் முதலில் முன்மொழிந்தவர் யார்?” என்று ஒரு கேள்வி இருந்தது. முடிவுகளை எழுதச் சிரமம் இருக்கவில்லை. முன்மொழிந்தவர் என்ற இடத்தில்தான் மூன்று முறையும் என் பெயரையே எழுத வேண்டியிருந்தது. அப்போது அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாணவர்களுக்கு மாலை வேளையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் 18 பேர் கொண்ட குழு எங்களுடையது. ஆறு ஆண்டுகளாக அதன் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். மாதக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை, எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது, எடுத்த முடிவுகளை நான்கைந்து பேர் மட்டுமே நிறைவேற்றுகிறார்கள் என்பவை என் நெடுநாள் குறைகள். அவர்களை எப்படிப் பேச வைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் விண்ணப்பித்தேன்.

மொத்தம் நான்கு முழு நாட்கள், 24 பங்கேற்பாளர்கள். வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்தால் மட்டும் சான்றிதழ் கிடைத்துவிடாது. ஒவ்வொருவரும் இரண்டு பயிற்சி அமர்வுகளைத் தாமே வழிநடத்த வேண்டும், மற்றவர்கள் சொல்லும் பின்னூட்டத்தை மறுத்துப் பேசாமல் கேட்க வேண்டும், மூன்று மாதம் கழித்துச் சொந்தக் குழுவில் நடந்ததை அறிக்கையாக அனுப்ப வேண்டும். இந்த மூன்றில் இரண்டாவதுதான் மிகக் கடினமானது என்று பின்னால் புரிந்தது.

முதல் நாள் காலையில் சொற்பொழிவு எதுவும் இல்லை. ஆறு ஆறு பேராகப் பிரித்து, நிலவில் இறங்க வேண்டிய இடத்திலிருந்து தொலைவில் விழுந்துவிட்ட ஒரு விண்கலத்தின் பயணிகளாக எங்களை எண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். கையில் மிஞ்சியிருக்கும் 15 பொருட்களை, உயிர் பிழைக்க எது முக்கியம் என்ற வரிசையில் அடுக்க வேண்டும். முதலில் ஒவ்வொருவரும் தனியாக, பிறகு குழுவாக ஒருமித்து. ஜே ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய பழைய பயிற்சி இது. நாசா வல்லுநர்களின் வரிசையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். வித்தியாசம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

எங்கள் குழுவில் நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை; எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆக்சிஜன், தண்ணீர் என்று முதல் இரண்டு இடங்கள் சண்டையின்றி முடிந்தன. காந்தத் திசைகாட்டியை நான்காவது இடத்தில் எழுதினேன். என் இடப்பக்கத்தில் இருந்த பெண், “அது அங்கே வேலை செய்யுமா?” என்று மெல்லக் கேட்டார். “வழி தெரிய வேண்டாமா?” என்று சொல்லிவிட்டு ஐந்தாவது பொருளுக்குப் போய்விட்டேன். பூமிக்கு உள்ளது போன்ற காந்தப்புலம் நிலவுக்குக் கிடையாது. அங்கே திசைகாட்டி வெறும் தகடு. வல்லுநர்களின் பட்டியலில் அது 14ஆவது இடத்தில் இருந்தது. அந்தப் பெண்ணின் தனித்தாளிலும் அது 14ஆவது இடத்தில்தான் இருந்தது. அவருடைய வித்தியாசம் 28, குழுவின் வித்தியாசம் 46. சரியான விடையை ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு ஆறு பேர் சேர்ந்து தவறான விடையை எழுதியிருக்கிறோம்.

பயிற்றுநர் இதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஒரு சோதனையை மட்டும் விளக்கினார். குழுவாகக் கூடும்போது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த செய்திகளையே திரும்பத் திரும்பப் பேசுகிறோம். ஒருவருக்கு மட்டும் தெரிந்த செய்தி மேசைக்கு வருவதே அரிது, வந்தாலும் கவனிக்கப்படாமல் கரைந்துவிடுகிறது என்பது அதன் சாரம். “வேலை செய்யுமா?” என்ற அந்தக் கேள்வி எப்படிக் கரைந்தது என்பதை நான் கண்ணெதிரே பார்த்திருந்ததால், மேலதிக விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாம் நாளில் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நான்கு நாட்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அது ஒன்றுதான். ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் வரைந்து, உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி பெயர்களை எழுதிக்கொள்கிறார் ஒரு பார்வையாளர். யார் யாரைப் பார்த்துப் பேசினாலும் அந்த இருவருக்கும் இடையே அம்புக்குறியோடு ஒரு கோடு. எல்லோரையும் நோக்கிப் பேசினால் வட்டத்தின் நடுவுக்கு ஒரு கோடு. பேச்சின் உள்ளடக்கம் எதையும் குறிக்கக் கூடாது. 15 நிமிடக் கலந்துரையாடலின் முடிவில் எங்கள் தாளில் 41 கோடுகள் இருந்தன. அவற்றில் 23 என் பெயரிலிருந்து புறப்பட்டவை. மற்றவர்களின் கோடுகளும் பெரும்பாலும் என்னிடமே வந்து முடிந்தன. அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. சக்கரத்தின் ஆரக்கால்கள் போல எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. இத்தனைக்கும் அன்று நான் அடக்கமாகப் பேசியதாகவே நினைத்திருந்தேன்.

இந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1946இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உளவியலாளர் கர்ட் லெவின் நடத்திய ஒரு பட்டறையில், பகலில் நடந்த குழு விவாதங்களை ஆய்வாளர்கள் மாலையில் தங்களுக்குள் அலசுவது வழக்கம். ஒரு மாலை பங்கேற்பாளர்கள் சிலர் அந்த அறைக்கு வந்து, தங்களைப் பற்றிய குறிப்புகளைத் தாங்களும் கேட்கலாமா என்று கேட்டார்கள். லெவின் அனுமதித்தார். “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்ற மறுப்பும் அதைத் தொடர்ந்த பேச்சும் பகல் அமர்வுகளைவிட அதிகம் கற்றுக்கொடுத்தனவாம். அடுத்த ஆண்டே மெய்ன் மாநிலத்தின் பெத்தேல் என்ற ஊரில் அதையே மையமாக வைத்துப் பயிற்சிகள் தொடங்கின. ஆனால் அதைக் காண லெவின் உயிரோடு இல்லை. பின்னூட்டத்தை மறுக்காமல் கேட்க வேண்டும் என்ற எங்கள் விதியின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் முறைகளின் நாள். எல்லோரும் வாய்விட்டு யோசனைகளைக் கொட்டும் மூளைப்புயல் முறையை அமெரிக்க விளம்பரத் துறையாளர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் பரப்பினார். விமர்சனம் கூடாது, எண்ணிக்கை பெருக வேண்டும் என்ற அவருடைய விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். எனக்குத் தெரியாதது, அந்த முறையைச் சோதித்தவர்கள் 1958இலேயே கண்டதும் 1987இல் டீல், ஸ்ட்ரோபே இருவரும் காரணம் சொன்னதும்: அதே எண்ணிக்கையிலான ஆட்கள் தனித்தனியே எழுதினால் சேர்ந்து கத்துவதைவிட அதிக யோசனைகள் கிடைக்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும்போது தன் யோசனையை மறந்துவிடுகிறார், அல்லது சொல்லத் தகுதியற்றது என்று தானே முடிவுகட்டிவிடுகிறார். இதற்கு மாற்றாக டெல்பெக், வான் டி வென் இருவரும் 1971இல் வெளியிட்ட ‘நாமினல் குரூப்’ முறை அமைதியில் தொடங்குகிறது. முதலில் சில நிமிடங்கள் யாரும் பேசாமல் எழுதுகிறார்கள். பிறகு சுற்று வரிசையில் ஆளுக்கு ஒரு யோசனை மட்டும் படிக்கிறார்கள். அதன்பின் விளக்கம் கேட்கலாம், வாதாடக் கூடாது. கடைசியில் தனித்தனியே மதிப்பெண் போடுகிறார்கள்.

இப்படி யோசனைகளை அட்டையில் எழுதுவதற்கும் ஒழுங்கு இருக்கிறது. ஓர் அட்டைக்கு ஒரு கருத்து, அதிகம் போனால் மூன்று வரி, ஐந்தடி தள்ளி நின்றாலும் படிக்கும்படியான தடித்த மார்க்கர் எழுத்து. ‘ஒற்றுமை’, ‘ஈடுபாடு’ போன்ற ஒற்றைச் சொற்களைப் பயிற்றுநர் ஏற்கவே இல்லை. “யார், எதை, எப்போது என்று எழுதுங்கள்” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் எழுதிய ‘ஒத்துழைப்பு இல்லை’ என்ற அட்டை மூன்று முறை திரும்பி வந்து, ‘பாடவேளைக்கு வர முடியாதவர்கள் முந்தைய நாள் சொல்வதில்லை’ என்று மாறிய பிறகே சுவரில் ஏறியது.

நான்கு பேர் மேசைகளில் மாறி மாறி அமரும் ‘வேர்ல்ட் கஃபே’, நிகழ்ச்சி நிரலே இல்லாமல் தொடங்கும் ‘ஓபன் ஸ்பேஸ்’, உள்வட்டம் பேச வெளிவட்டம் கவனிக்கும் மீன்தொட்டி முறை ஆகியவற்றையும் செய்து பார்த்தோம். மீன்தொட்டி தவிர மற்றவை பெரிய கூட்டங்களுக்கானவை. 18 பேர் ஒரு முடிவுக்கு வர அவ்வளவு மேளதாளம் தேவையில்லை என்பது என் கருத்து. குழுக்கள் உருவாதல், மோதுதல், நெறிப்படுதல், செயல்படுதல் என்ற நான்கு கட்டங்களைக் கடக்கும் என்ற அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மேனின் படத்தையும் காட்டினார்கள். 1965இல் அவர் செய்தது, பெரும்பாலும் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றிப் பிறர் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பாய்வு. அதை எல்லாக் குழுக்களுக்கும் இயற்கை விதி போலச் சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. எங்கள் குழு ஆறு ஆண்டுகளாக ஒரு முறைகூட மோதாமல்தான் முடங்கிக் கிடந்தது.

என் முதல் பயிற்சி அமர்வு தோல்வி. கேள்வி கேட்டேன், அமைதி. உடனே கேள்வியை வேறு சொற்களில் கேட்டேன், அமைதி. பிறகு நானே ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னேன், எல்லோரும் தலையாட்டினார்கள். பார்வையாளர் ஒரு நிறுத்துக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். கேள்விக்குப் பின் நான் காத்திருந்த நேரம் சராசரியாக இரண்டு வினாடி என்று பின்னூட்டத்தில் சொன்னார். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் ஒரு வினாடி அளவே காத்திருப்பதையும், அதை மூன்று வினாடியாக நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீள்வதையும் மேரி பட் ரோ என்பவர் முன்பே கண்டறிந்திருக்கிறார். “அது கேள்வி புரியாததால் வந்த அமைதி” என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். விதி நினைவுக்கு வர, மூடிக்கொண்டேன். இரண்டாவது அமர்வில் கேள்வியைக் கேட்டதும் நாக்கைப் பல்லுக்கடியில் வைத்து மனத்துக்குள் பத்து வரை எண்ணினேன். ஏழு எண்ணுவதற்குள் ஒருவர் பேசினார். அவர் முடித்ததும் பதில் சொல்லாமல், அடுத்தவரை நோக்கிப் பார்வையை மட்டும் திருப்பினேன். அந்த ஏழு வினாடி எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஊக்கத்தோடு திரும்பி வந்து, அடுத்த மாதக் கூட்டத்தில் அட்டைகளைக் கொடுத்தேன். 14 பேர் வந்திருந்தார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: “ஏற்றுக்கொண்ட பொறுப்பை முடிக்க விடாமல் தடுப்பது எது?” எங்களில் மூத்த உறுப்பினர் ஒருவர், “ஆறு வருஷமாக வாயால்தானே பேசினோம், இப்போது எங்களைப் பிள்ளைகள் மாதிரி எழுத வைக்கிறீர்களே” என்று வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். அவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, “இன்று ஒரு நாள் முயன்று பார்ப்போம் ஐயா” என்று மட்டும் சொன்னேன்.

37 அட்டைகள் சேர்ந்தன. ஒத்தவற்றைச் சேர்த்து அடுக்கும் பொறுப்பை இரண்டு இளையவர்களிடம் விட்டேன். அவர்கள் அடுக்கியதில் மிக நீளமான வரிசை ஆறு அட்டைகளைக் கொண்டது. ஆறும் வெவ்வேறு கையெழுத்து. பொறுப்புப் பட்டியல் கூட்டத்துக்கு வரும் முன்பே முடிவாகிவிடுகிறது, எங்களுக்கு எந்த நாள் ஒழியும் என்று யாரும் கேட்பதில்லை என்பது அவற்றின் பொருள். பட்டியலைத் தயாரித்தது நான்தான். அடுக்கிய பெண் அந்த வரிசைக்குத் தலைப்பு எழுதும் முன், “இதை இப்படியே போடட்டுமா அக்கா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கணத்தில் பின்னூட்ட விதி மட்டும் இல்லாமலிருந்தால், ஒவ்வோர் அட்டைக்கும் பதில் வைத்திருப்பேன். “போடுங்கள்” என்றேன்.

எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. எதை முதலில் சரிசெய்வது என்று ஒட்டுப் பொட்டுகளால் வாக்கெடுத்தபோது, முதலில் எழுந்தவர்கள் ஒட்டிய இடத்திலேயே பின்னால் வந்தவர்களும் ஒட்டினார்கள். பெரும்பான்மையோடு ஒத்துப்போகும் இயல்பைப் பற்றி மூன்றாம் நாள் கேட்டிருந்தும், அது என் சுவரிலேயே நடக்கும் என்று எண்ணவில்லை. பொட்டுகளைப் பிய்த்துவிட்டு, முதலில் அவரவர் தாளில் எண்களை எழுதி, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒட்டும்படி மாற்றினேன். முடிவும் மாறியது: முதல் முறை மூன்றாம் இடத்தில் இருந்த பட்டியல் விவகாரம் முதலிடத்துக்கு வந்தது. அன்றிலிருந்து வெற்றுக் கட்டங்களோடு பட்டியல் சுவரில் தொங்குகிறது. அவரவர் கட்டத்தில் அவரவரே பெயர் எழுதுகிறார்கள். முதல் மாதம் நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன. அவற்றை நிரப்பாமல் விட்டு வைத்ததுதான் நான் செய்த கடினமான வேலை. இரண்டாம் வாரம் அவற்றில் மூன்று நிரம்பின, ஒரு வகுப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

மூன்றாம் மாதக் கூட்டத்தை நான் வழிநடத்தவில்லை. மூத்த உறுப்பினர்தான் வழிநடத்தினார், அட்டைகள் இல்லாமல். நான் ஓரத்தில் உட்கார்ந்து, அறிக்கைக்காக வட்டமும் கோடுகளும் வரைந்துகொண்டிருந்தேன். 52 கோடுகளில் என்னிடமிருந்து போனவை ஐந்து. உறுப்பினர்கள் தமக்குள் பேசிக்கொண்ட கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தாளை நிறைத்தன. ஆனால் மேல் வலப்பக்கத்தில் எழுதிய ஒரு பெயரிலிருந்து ஒரு கோடுகூடப் புறப்படவில்லை. அதை நோக்கியும் எதுவும் போகவில்லை. ஓராண்டாக ஒரு வகுப்புக்கூடத் தவறவிடாத ஒருவரின் பெயர் அது. அறிக்கையில் ‘இன்னும் தீராதவை’ என்ற கட்டத்தில் அதை எழுதி அனுப்பினேன். அடுத்த கூட்டத்துக்கு முன் அவரைத் தனியே சந்தித்து, பேசச் சொல்வதற்காக அல்ல, எந்த இடத்தில் உட்கார விரும்புகிறார் என்று கேட்பதற்காக, ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறேன்.