பதினேழாவது கட்டுரை

"இதுல என் பேரு எங்க இருக்கு மேடம்?" என்று எங்கள் ஆய்வில் நேர்காணல் நடத்திய அக்கா கேட்டபோது, பதவி உயர்வு விண்ணப்பத்துக்காக என் ஆய்வுக்கட்டுரைப் பட்டியலை அச்செடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழாவது வரியில் விரலை வைத்துத்தான் கேட்டார். "நன்றியுரையில இருக்குக்கா" என்றேன். அங்கே இருந்தது, நேர்காணல் நடத்திய சக ஆலோசகர்களுக்கு நன்றி என்ற ஒற்றை வரி. அதில் ஒருவர் பெயரும் கிடையாது. அக்கா தலையாட்டிவிட்டு, கொண்டுவந்த கோப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களிடம் மனச்சோர்வை அளக்க நாங்கள் எடுத்துக்கொண்டது பிஎச்க்யூ-9 வினாத்தாள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அவரை மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பது வழக்கம். தூக்கம், அசதி, பசி மூன்றும் அந்த ஒன்பதில் அடக்கம். வேலை தொடங்கிய முதல் மாதத்திலேயே அக்கா, "தூக்கம் கெடறது மாத்திரையாலயா மனசாலயான்னு இந்தத் தாள் கேக்கவே இல்லையே" என்றார். அன்று பலரும் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த மாத்திரையில் இருந்தார்கள். தூக்கத்தைக் கலைக்கும் கனவுகள் அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. உடல் அறிகுறிகள் இப்படி இரண்டு பக்கமும் கணக்காகிவிடும் சிக்கலைப் பற்றி இத்துறையில் முன்பே நிறைய எழுதியிருக்கிறார்கள், அது எனக்கும் தெரிந்ததுதான் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்விகளைச் சேர்த்து ஒரு முறையும் விலக்கி ஒரு முறையும் எங்கள் தரவைக் கணக்கிட்டுப் பார்க்கத் தோன்றியது, அவர் சொன்னதற்கு மறுநாள். பதினேழாவது கட்டுரையின் உயிரே அந்த ஒப்பீடுதான். என் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவதும் அதுவே.

ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அதைக் கேட்கும் முன் அக்கா பேனாவை மூடி வைத்துவிடுவார். விடையை வந்தவர் எழுந்து போன பிறகுதான் குறிப்பார். நடைமுறைக் கையேட்டில் அப்படி எதுவும் இல்லாததால் ஒரு முறை நான் கடிந்துகொண்டேன்கூட. எனக்கு வந்து சேர்ந்த அட்டவணையில் அது வெறும் ஓர் எண் வரிசை.

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஆசிரியராகப் பெயர் போடுவதற்கு நான்கு தகுதிகளைச் சொல்கிறது: ஆய்விலோ தரவுத் திரட்டலிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதிப் படிக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்றல். அக்கா வரைவைப் படிக்கவில்லை. ஆகவே இரண்டாவது தகுதி இல்லை என்று கூட்டத்தில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதே விதிமுறையில், முதல் தகுதி உள்ளவருக்கு வரைவைப் பார்க்கும் வாய்ப்பையே கொடுக்காமல் விட்டு, பிறகு அதைக் காரணம் காட்டி விலக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதை நான் வாசித்தது பிற்பாடு என்று எழுத ஆசைதான். முன்பே வாசித்திருந்தேன்.

என்னிடம் இன்னொரு நியாயமும் இருந்தது, இன்னும் இருக்கிறது. எங்கள் சக ஆலோசகர்கள் எல்லாரும் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் என்று ஆய்வுமுறைப் பகுதியிலேயே எழுதியிருந்தோம். அவர் பெயரைப் போட்டால், எந்தத் தேடுபொறியிலும் அவருடைய நிலை வெளிப்பட்டுவிடும். பிள்ளைகளின் பள்ளி, உறவினர்கள், வீட்டு உரிமையாளர் என்று யார் கண்ணிலும் படலாம். இது கற்பனை ஆபத்து இல்லை. அப்படி வெளிப்பட்டு வேலையை இழந்தவர்களின் மனச்சோர்வைத்தானே நாங்கள் அளந்துகொண்டிருந்தோம். ஆனால் அந்த முடிவை அவருக்காக எடுத்தது நான். ஆய்வுமுறையில் ஒரு சொற்றொடரை மாற்றலாமா, வேறு பெயரில் எழுதச் சம்மதமா என்று ஐந்து நிமிடம் கேட்டிருக்கலாம். எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் தம்மைப் பற்றிய முடிவுகளில் பங்கேற்க வேண்டும் என்ற 1994ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனத்தை அந்தக் கட்டுரையின் முன்னுரையில் இரண்டாம் பத்தியிலேயே மேற்கோள் காட்டியிருக்கிறேன். வாக்கியமும் நன்றாகத்தான் அமைந்திருந்தது.

கேட்டிருந்தால் அவர் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார் என்று சில நாள் நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதாலேயே அதை நம்ப முடியவில்லை. தவிர, அதே நேர்காணல்களிலிருந்து நாங்கள் மூன்று கட்டுரைகள் எடுத்தோம். தரவைத் துண்டுபோடுகிறோம் என்ற கூச்சம் அப்போது எழுந்தது உண்மை, ஆனால் எண்ணிக்கை எனக்குத் தேவையாக இருந்தது. மூன்று முறை கேட்க வாய்ப்பிருந்தது என்று இதற்குப் பொருள்.

பதவி உயர்வு கிடைத்தது. அடுத்த நிதி விண்ணப்பத்தில், ஒவ்வொரு கட்டுரையிலும் என் பங்கை 14 வகைகளிலிருந்து தேர்ந்தெடுத்துக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். முதல் வகை கருத்துருவாக்கம். பதினேழாவது கட்டுரைக்கு அதில் குறியிட்டேன், எடுத்தேன், மறுபடி இட்டேன். அந்த இடத்தைக் காலியாக விட்டால் அந்தக் கருத்து யாருடையது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அக்கா இப்போது வேறொரு திட்டத்தில் வேலை செய்கிறார். போன மாதம் தொலைபேசியில் பேசினோம். மாத்திரை மாறியதிலிருந்து நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார். கட்டுரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை.