டிரிப்ஸ் ஏறிய கை வீங்கியபோது

நிமோனியாவுக்காக அம்மாவை நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரவில் துணைக்கு நான். "கை கனக்குது" என்றார் அம்மா. எளிதில் வலி என்று சொல்கிறவர் அல்ல. கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்து அவர் போட்டிருந்த ஒற்றை வளையல் சதைக்குள் பதிந்திருந்தது. டிரிப்ஸும் மெதுவாகத்தான் சொட்டியது.

சிஸ்டரை அழைத்தேன். "வயதானவர்களுக்குக் கொஞ்சம் வீக்கம் இருக்கும்" என்று சொல்லி, வேகத்தைக் கூட்டப் போனார். எனக்கு எரிச்சல்தான். இரண்டு கைகளையும் போர்வைமேல் அருகருகே வைத்து, தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இடது கை கதகதப்பாக இருந்தது. வலது கை வெளிறி, தோல் இழுத்துப் பளபளத்து, சில்லென்று இருந்தது. உடனே டிரிப்ஸை நிறுத்திவிட்டார். வளையலைச் சோப்பு நீர் தடவி உருவுவதற்குள் அம்மா எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தார்.

ஊசிக்குழாய் (கேனுலா) ரத்தக் குழாயை விட்டு விலகி, திரவம் சதைக்குள் இறங்கியிருக்கிறது. ஓடியது வெறும் சலைன் என்பதால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும் என்றார் டாக்டர். கேனுலாவை எடுத்து, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தார்கள். வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டார்கள். விரல் மரத்தாலோ, நிறம் மாறினாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே கூப்பிட வேண்டும்.

கால்சியம், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நோர்அட்ரினலின், சில புற்றுநோய் மருந்துகள் இப்படிக் கசிந்தால் கதையே வேறு. தோலும் சதையும் அழுகிப்போகக்கூடும். அப்போது கேனுலாவை உடனே உருவமாட்டார்கள். அதன் வழியாகவே மருந்தை உறிஞ்சி எடுக்கப் பார்ப்பார்கள். சிலவற்றுக்கு முறிமருந்தும் உண்டு. ஒத்தடம்கூட மருந்தைப் பொறுத்ததுதான்: ஒன்றுக்குச் சூடு, இன்னொன்றுக்குக் குளிர். அதனால் என்ன மருந்து ஓடியது என்பதை முதலில் கேளுங்கள்.

காலையில் அத்தை வர்ம ஆசானிடம் வாங்கிய எண்ணெயோடு வந்துவிட்டார். நம் ஊரில் வீக்கம் என்றால் கை தானாக எண்ணெய்க்குப்பியைத் தேடும். தேய்க்கவே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். கேஸ் ஷீட்டில் இந்தக் கசிவை 'இன்ஃபில்ட்ரேஷன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்த அண்ணனுக்கு வேறு கவலை: எக்ஸ்ரே அறிக்கையில் நுரையீரலுக்கும் 'இன்ஃபில்ட்ரேட்' என்றுதானே எழுதியிருந்தது, சளி கைக்கு இறங்கிவிட்டதா? அது நுரையீரலில் கிருமித்தொற்றால் சேர்ந்தது, இது குழாயிலிருந்து கசிந்தது என்று விளக்க வேண்டியிருந்தது.

புதிய கேனுலாவை இடது முன்கையில், மூட்டு மடங்காத இடமாகப் பார்த்துப் போட்டார்கள். வீக்கம் பேனாக் கோட்டுக்கு உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தது. அதன்பிறகு பாட்டில் மாற்றும்போதெல்லாம் இரண்டு கைகளையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்த சிஸ்டர் நகர்ந்தார்.