15 கிராம் டியூப்

எங்கள் கடையில் சளி, காய்ச்சலுக்கு அடுத்தபடியாக ஆட்கள் அதிகம் கேட்பது அரிப்புக்கான களிம்பைத்தான். மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்தால் அது காய்ச்சலையே பின்னுக்குத் தள்ளிவிடும். நான் மருந்தாளுநர். டி.பார்ம் முடித்துவிட்டு வேலூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பேரணாம்பட்டுப் பக்கம் வந்துவிட்டேன். தோல் பதனிடும் கம்பெனிகளும் பீடி சுற்றும் வீடுகளும் நிறைந்த பகுதி. ஆண்களில் பலர் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறார்கள், பெண்களில் பலர் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அரிப்பைக் கிளப்பும் பூஞ்சைக்கு இரண்டுமே சௌகரியம்.

ஆண்கள் என்னிடம் நேராகக் கேட்கமாட்டார்கள். உள்ளே டப்பா அடுக்கிக்கொண்டிருக்கும் பையனைக் கண்ணாலேயே கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கிழிந்த அட்டைத் துண்டை எடுத்து நீட்டுவார்கள். பழைய டியூப் வந்த பெட்டியின் மூடி அது. பெண்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். தலைவலி மாத்திரை ஒன்று வாங்குவார்கள். சில்லறையை எண்ணிக்கொண்டே, "ஏம்மா, இடுப்பாண்ட வட்ட வட்டமா வந்து உசுர வாங்குது, இன்னா போடலாம்?" என்பார்கள். காட்டச் சொன்னால் யாரும் காட்டுவதில்லை. கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரம் மட்டும் சிவந்து தடித்து, நடுவில் தோல் தெளிந்த மாதிரி இருக்கிறதா? வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறதா? வியர்த்தால் அதிகமாகிறதா? ஆமாம் என்றால் பெரும்பாலும் படர்தாமரைதான்.

ஆனால் அந்தக் கிழிந்த மூடியைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். அதன் முன்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்றோ இரண்டோ மருந்து, கூடவே பீட்டாமெத்தசோன் அல்லது க்ளோபெட்டசால். கடைசியாகச் சொன்ன இரண்டும் ஸ்டீராய்டு. க்ளோபெட்டசால் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. தொடை இடுக்கு மாதிரி மெல்லிய தோலில் பூசவே கூடாதது. ஆனால் அங்கேதான் அதிகம் பூசுகிறார்கள்.

பூசியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இரவெல்லாம் தூங்காமல் சொறிந்தவருக்கு அந்த டியூப் இரண்டே நாளில் நிம்மதி தருகிறது. சிவப்பு போகிறது, நமைச்சல் போகிறது, வட்டத்தின் ஓரம் மங்குகிறது. நல்ல மருந்து என்று அவர் நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்? நடந்தது என்னவென்றால், பூஞ்சையை எதிர்த்துத் தோல் காட்டிய கோபத்தை ஸ்டீராய்டு அடக்கிவிட்டது. பூஞ்சை அங்கேயே நீறு பூத்த நெருப்பாக இருக்கிறது. எதிர்க்க ஆளில்லாததால் இன்னும் சுகமாகப் பரவுகிறது. டியூப் தீர்ந்த சில நாளில் முன்பைவிட மோசமான அரிப்பு வரும். அதே மூடியோடு அவரும் வருவார். இப்படிச் சில மாதம் போனால் வட்டத்துக்குள் வட்டம் கிளம்பும். சில சமயம் வட்டமே இல்லாமல் திட்டுத் திட்டாகப் படரும். பார்க்கிற டாக்டரே இது என்ன என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிடும். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் கைபேசியில் எடுத்த படத்தைத் தயங்கித் தயங்கிக் காட்டினான். தொடையின் உள்பக்கம் முழுக்கப் பிரசவ வரி போல வெடிப்புக் கோடுகள். படர்தாமரையை எப்படியும் குணப்படுத்தலாம், அந்தக் கோடுகள் முழுதாகப் போகாது. அவனிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் பல வருடம் குரல் கொடுத்த பிறகு, 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அதே வருடம் செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்தபோது, இப்படிப்பட்ட கலவைக் களிம்புகள் சிலவும் அதில் போயின. அப்புறம்? சேர்க்கையைக் கொஞ்சம் மாற்றிய புது டியூப்கள் வந்தன. பெட்டியில் சிவப்புக் கோடு இருக்கிறது, எச்சரிக்கை வாசகம் இருக்கிறது. கவுண்டரில் அதைப் படிக்கிறவர் யார்?

சரி, ஸ்டீராய்டு இல்லாமல் பூஞ்சையை மட்டும் கொல்லும் சுத்தமான க்ளோட்ரிமசோல் களிம்பையே கொடுத்தேன் என்று வைத்துக்கொள்வோம். பழைய மருந்து, விலை குறைவு. படர்தாமரை சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் இன்னமும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதிலும் ஒரு கணக்கு இடிக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகைவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் களிம்பு வரும். அது இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குத்தான் போதும், விரல்களையும் சேர்த்து. இடுப்பைச் சுற்றியும் இரண்டு தொடை இடுக்கிலுமாக ஆறு உள்ளங்கை அளவு படர்ந்திருந்தால், ஒரு தடவைக்கு ஒன்றரை கிராம். காலை, இரவு சேர்த்து மூன்று கிராம். 15 கிராம் டியூப் ஐந்தே நாளில் காலி. ஆனால் போட வேண்டியது நான்கு வாரமாவது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மறைந்த பிறகும் இன்னும் கொஞ்ச நாள் பூச வேண்டும். அப்படியென்றால் ஐந்தாறு டியூப் வேண்டும். எங்கள் ஊரில் வாங்கிப்போவது ஒரே ஒரு டியூப். அதை ஒரு மாதம் ஓட்டுவார்கள். நமைச்சல் எடுக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பது போலத் தொட்டுவிட்டு மூடிவைப்பார்கள். பிறகு, "இந்த ஆயின்மென்ட் வேலைக்கு ஆவாது" என்று தீர்ப்பு வந்துவிடும்.

இதை நான் கவுண்டரிலேயே விரலை நீட்டிக் காட்டிச் சொல்வேன். "இன்னாத்துக்கு அஞ்சாறு டியூபு? துட்டு பார்க்கறியா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வியாபாரம் செய்கிற இடத்தில் நின்றுகொண்டு "அதிகம் வாங்குங்கள்" என்று சொன்னால் யார் நம்புவார்? அதனால் இப்போதெல்லாம் 30 கிராம் டியூப் இருந்தால் அதைக் கொடுக்கிறேன். அடுத்ததை இது தீரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள் என்கிறேன். வட்டத்தின் நடுவில் அல்ல, ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் சேர்த்து வெளியிலிருந்து உள்ளே பூசச் சொல்கிறேன். பூஞ்சைக்கு உயிர் ஓரத்தில்தான்.

பீடி சுற்றும் அம்மா ஒருவர் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்திருப்பவர். பாவாடை நாடா இறுக்கும் கோட்டிலேயே இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் கட்டியது போலப் படர்தாமரை. களிம்பு ஒழுங்காகத்தான் பூசிக்கொண்டிருந்தார். ஆனாலும் அடங்கவில்லை. துணியை எங்கே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அதெல்லாம் வெளிய போட முடியுமா கண்ணு? மருமவன் வந்து போற ஊடு. பாத்ரூம் கொடியிலதான், மேல ஒரு துண்டப் போட்டு." வேலூர் வெயிலுக்கு என்ன குறைச்சல், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். ஆனால் உள்பாவாடையும் உள்ளாடையும் அந்த வெயிலைப் பார்ப்பதே இல்லை. அரை ஈரத்தோடு மறுநாள் உடம்பில் ஏறுகின்றன. மாடியில் பழைய புடவையை மறைப்பாகக் கட்டி உள்ளே கொடி போடச் சொன்னேன். நாடாவுக்குப் பதில் அகலப் பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளச் சொன்னேன். கட்டும் இடத்தைத் தினம் கொஞ்சம் மேலே, கீழே மாற்றவும் சொன்னேன். அப்புறம்தான் கேட்டேன், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று. பேரனுக்குக் கழுத்தில், மகளுக்கு மார்புக்கு அடியில். எல்லோருக்கும் ஒரே துண்டு, ஒரே பாய். ஒருவர் மட்டும் மருந்து போட்டால் எப்படிப் போகும்? எல்லோருக்கும் சேர்த்து வைத்தியம் தொடங்கிய பிறகுதான் அடங்கியது. இப்போது யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

தோல் கம்பெனி ஆட்களுக்கு இப்படிச் சுலபமாகச் சொல்லிவிட முடிவதில்லை. ட்ரம்மிலிருந்து தோலை இறக்குகிறவருக்குக் காலடியில் எப்போதும் தண்ணீர்தான். கம் பூட்ஸ் போட்டால் உள்ளே வியர்வை, போடாவிட்டால் வெளியே சுண்ணாம்பும் ரசாயனமும். விரல் இடுக்கு வெள்ளையாக ஊறி, பிளந்து, நாற்றம் எடுக்கும். சேற்றுப்புண் என்று சொல்லிக் கேட்பார்கள். "ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் சொல்கிறது. அதை எழுதியவர் தோல் கம்பெனிக்குள் காலே வைத்திருக்கமாட்டார். நான் சொல்வது இவ்வளவுதான்: மதியம் சாப்பிடும்போது பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துவையுங்கள், விரல் இடுக்கைப் பழந்துணியால் ஒற்றித் துடையுங்கள், மாற்றுச் சாக்ஸ் ஒன்று டிபன் பையில் இருக்கட்டும், இரவில் களிம்பு. சர்க்கரை இருக்கிறவர் என்றால் அந்தப் பிளவைச் சாதாரணமாக விடவே கூடாது, டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். காலில் சீழ் பிடிப்பது அந்த இடுக்கு வழியாகத்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது.

தேமல் கேட்டு வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூஞ்சை செத்த பிறகும் தோல் பழைய நிறத்துக்கு வரச் சில மாதம் ஆகும். அதைச் சொல்லாமல் விட்டால் மருந்து பலிக்கவில்லை என்று கடைகடையாக மாறுவார்கள். சொன்னால் காத்திருப்பார்கள்.

மாத்திரைதான் எனக்குப் பயம் தருகிற விஷயம். உடம்பில் பல இடத்தில் படர்ந்தாலோ, நகத்துக்கோ குழந்தைகளின் தலைக்கோ வந்தாலோ களிம்பு மட்டும் போதாது, டாக்டர் பார்த்து மாத்திரை எழுதத்தான் வேண்டும். அந்தச் சீட்டைக் கையில் வாங்கியதும் நான் பார்ப்பது, அவர் ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை. இட்ரகோனசோல் கேப்ஸ்யூல் சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் ஒழுங்காகச் சேரும். வயிற்று எரிச்சல் மாத்திரையையும் கூடவே விழுங்கினால் பாதி வீணாகிவிடும். இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாடின் சாப்பிடுகிறவருக்கும் கூடாது. ஃப்ளூகோனசோல் எழுதியிருந்தால் சர்க்கரை மாத்திரையில் க்ளிமெபிரைடோ க்ளிபென்க்ளமைடோ இருக்கிறதா என்று கேட்பேன். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை தாறுமாறாக இறங்கலாம். கர்ப்பமாக இருக்கலாமோ என்ற சந்தேகம் இருந்தாலே கொடுக்காமல் டாக்டரைக் கேட்டுவிடுவேன்.

முன்பு டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மாத்திரையை 250 மில்லிகிராம் இரண்டு வாரம் என்று எழுதினால் அதோடு முடிந்துவிடும். இப்போது அப்படி இல்லை. நம் நாட்டில் பரவிக்கொண்டிருக்கும் ஒரு வகைப் பூஞ்சைக்கு ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை. டெர்பினாஃபைன் தாக்கும் நொதியையே அது மாற்றி அமைத்துக்கொள்கிறது. அதனால் இதில் பல சமயம் டெர்பினாஃபைன் எடுபடுவதில்லை. பாதியில் நிறுத்திய மாத்திரைகளும் கலவை டியூப்களும் அதற்கு நன்றாகவே வழிவிட்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

களிம்புக்கு அடங்காதவர்களை அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகச் சொல்வேன். அங்கே பிளேடால் வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். போவதற்குச் சில நாள் முன்பே களிம்பை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றும் தெரியாமல் போகும் என்றும் சொல்லி அனுப்புவேன். ஆனால் இங்கிருந்து வேலூர் போய், அங்கே வேறு பஸ் மாறிப் போய் வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். கவுண்டரில் அந்தக் கலவை டியூப் ஒரே நிமிடத்தில் கிடைக்கிறது. என் பேச்சு எப்போதும் அந்த ஒரு நிமிடத்தோடுதான் மோத வேண்டியிருக்கிறது.

முதலாளியிடம் அந்த டியூப்களை வாங்கி வைக்கவே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல மனிதர், சண்டைக்கு வரவில்லை. "நாம வைக்கலன்னா எதிர்க்கடையில வாங்கப் போறான்மா, நமக்கு ஜுர மாத்திரை வியாபாரமும் சேர்ந்து போயிடும்" என்றார். கடைசியில் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டுக்கு மாற்றினார். சீட்டு இல்லாமல் நான் எடுத்துத் தரமாட்டேன் என்பது ஊருக்கே தெரியும். மதியம் இரண்டு மணிக்கு நான் சாப்பிடப் போவேன் என்பதும் தெரியும். திரும்பி வந்து கீழ்த்தட்டைப் பார்த்தால் இரண்டு பெட்டி குறைந்திருக்கும்.