ஞாயிறு பூசையும் சாதிச் சான்றிதழும்

நேற்று பூசை முடிந்து வெளியே வரும்போது பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, பையனுக்குப் புதுநன்மை கொடுத்தா பேரை எழுதி வைப்பாங்களா?" புதுநன்மை என்பது பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. கோயில் பதிவேட்டில் எழுதத்தான் செய்வார்கள். அந்தப் பதிவேடுதான் அவருடைய பயமே. வீட்டில் அந்தோணியார் படம், சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். கிறிஸ்தவர் என்று தெரிந்தால் அந்தப் பட்டியல் சாதிச் சான்றிதழ் போய்விடுமே என்ற பயம்.

எல்லாம் 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் வந்தது. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது அது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களை. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு, சரி. ஆனால் ஊராட்சித் தேர்தலில் தனி வார்டில் நிற்க முடியாது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டு ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது.

"உங்கள் மதத்தில்தான் சாதியே இல்லையே, அப்புறம் எதற்குச் சலுகை?" என்று கேட்பவர்களை எங்கள் தாத்தா ஊருக்குக் கூட்டிப்போக ஆசை. ஒரே கோயில், ஒரே சாமியார், ஆனால் சாதி பார்த்து இரண்டு கல்லறைத் தோட்டம். தேர் எந்தத் தெருவோடு திரும்பும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த 1950 ஆணை வந்த நாளான ஆகஸ்ட் 10 வந்தால் அரசைக் கண்டித்துக் கறுப்புக் கொடி பிடிக்கிறோம், பிடிக்க வேண்டியதுதான். அந்தக் கொடியை ஒருநாள் நம் கல்லறைச் சுவரிலும் கட்டலாம்.

அக்காவிடம் சாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பையன் இதற்குள் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் பண்ணிவிட்டானாம்.